சுப்பிரமணிய சிவா: ரயிலில் ஏற முடியாமல் போன தியாகிக்கு பாப்பாரப்பட்டி 'கார்டியன்' ஆனது எப்படி?

தருமபுரி மாவட்டம் பென்னாகரம் தாலுகாவில் இருக்கிறது பாப்பாரப்பட்டி. சுதந்திரப் போராட்ட வீரர் சுப்பிரமணிய சிவாவின் நினைவிடம் அங்கேதான். ஆனால் சிவா பிறந்தது இந்த ஊரில் இல்லை. அவருக்கு இங்கே சொந்தபந்தமும் கிடையாது. பிறந்தது இன்றைய திண்டுக்கல் மாவட்டத்து வத்தலக்குண்டு. பேர் வாங்கிக் கொடுத்தது தூத்துக்குடி. அப்படியிருக்க, கடைசி மூச்சுக்கு மட்டும் ஏன் இந்த ஊரைத் தேடி வந்தார்?

பதில் பாடப்புத்தகத்தில் வருகிற வரிகளுக்குள் இல்லை. உடம்பு முடியாமல் போன ஒரு மனுஷனை யார் பார்த்துக்கொள்வது, அதற்கு சட்டத்தில் என்ன இடம் இருந்தது என்ற கேள்வியில் இருக்கிறது. இன்றைக்கும் பல வீடுகளில் எழுகிற கேள்விதான் இது.

ஒருநாள் போலீஸ் உத்தியோகம்

சிவா பிறந்தது 1884 அக்டோபர் 4. அப்பா ராஜம் ஐயர். வைத்த பெயர் சுப்பராமன். பிறகு ஒரு சாமியார் கொடுத்ததுதான் 'சுப்பிரமணிய சிவம்' என்ற பெயர். சிவகாசி காவல்துறை அலுவலகத்தில் குமாஸ்தா வேலைக்குச் சேர்ந்தவர், ஒரே நாளில் உதறிவிட்டுப் போனதாக அவரது வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. மீனாட்சி என்பவரோடு சின்ன வயதிலேயே கல்யாணம். திருவனந்தபுரத்தில் இளைஞர்களைக் கூட்டி அரசியல் பேசியதற்காக திருவிதாங்கூர் சமஸ்தானம் அவரை வெளியேற்றியது. அங்கிருந்து ஊர் ஊராகப் பேசிக்கொண்டே வந்து, தூத்துக்குடியில் வ.உ.சிதம்பரத்தைச் சந்தித்தார்.

1908 தொடக்கத்தில் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்துக்கு சிதம்பரமும் சிவாவும்தான் குரல். மார்ச் 12ல் இருவரும் கைதானார்கள். மறுநாள் திருநெல்வேலி பற்றி எரிந்தது.

இந்த வழக்கில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. நீதிபதி பின்ஹே 1908 ஜூலை 7ல் கொடுத்த தீர்ப்பில் சிவாவுக்கு 10 ஆண்டு நாடு கடத்தல். சிதம்பரத்துக்கு அவர் பேசியதற்காக 20 ஆண்டு, சிவாவுக்கு உடந்தையாக இருந்ததற்காக இன்னொரு 20 ஆண்டு. தூத்துக்குடியில் சிவாவுக்கு இடமும் சோறும் கொடுத்து ஆதரித்ததே சிதம்பரத்தின் மேல் குற்றமாக நின்றது. இந்த மனுஷனைப் பார்த்துக்கொள்ள முன்வருவது என்ன விலை கேட்கும் என்பது அன்றே ஊருக்கெல்லாம் தெரிந்துவிட்டது.

சிறை கொடுத்த நோய்

மேல்முறையீட்டில் சிவாவின் தண்டனை 6 ஆண்டாகக் குறைந்தது. திருச்சி, சேலம் சிறைகளில் இருந்தார். 1912 நவம்பர் 2ல் வெளியே வந்தபோது உடம்பில் தொழுநோய் இருந்தது. அந்தக் காலத்துப் பேச்சில் 'பெருவியாதி', 'குஷ்டம்'.

சிறையில் சுண்ணாம்பும் ஆட்டு ரோமமும் கலந்த வேலையைச் செய்ய வைத்ததால்தான் நோய் வந்தது என்று இன்றும் மேடைகளில் சொல்வதுண்டு. மருத்துவம் சொல்வது வேறு. தொழுநோய் ஒரு பாக்டீரியாவால் வருவது. நோயாளியோடு நெடுநாள் நெருங்கிப் பழகினால்தான் பரவும், அறிகுறி தெரியவே சில ஆண்டுகள் ஆகலாம். நெரிசலும் அரைப்பட்டினியுமான சிறையில் அது தொற்ற ரோமமும் சுண்ணாம்பும் தேவையில்லை. எப்படிப் பார்த்தாலும் அரசின் காவலில் இருக்கும்போது வந்த நோய் அது. காவலில் வைத்த அரசு வெளியே விட்டபிறகு பொறுப்பெடுக்கவில்லை.

அன்றைக்கு மருந்து என்று இருந்தது நீரடிமுத்து எண்ணெய் மாதிரியான சில. டாப்சோன் மருந்து வந்ததே 1940களில்தான். சிவா அதற்கெல்லாம் காத்திருக்கவும் இல்லை, வீட்டில் முடங்கவும் இல்லை. 1913ல் 'ஞானபாநு' இதழைத் தொடங்கினார். பாரதியும் வ.உ.சி.யும் அதில் எழுதினார்கள். பிறகு 'பிரபஞ்சமித்திரன்' நடத்தினார். 1915ல் மனைவி மீனாட்சி இறந்துபோனார். நோய் முற்றிக்கொண்டு வருகிற நேரத்தில், கூடவே இருந்து பார்த்துக்கொள்ள வேண்டியவர் போய்விட்டார்.

அன்றைய சட்டம் என்ன சொன்னது?

இப்போது சட்டத்துக்கு வருவோம்.

1890ல் பிரிட்டிஷ் இந்திய அரசு அடுத்தடுத்த எண்களில் இரண்டு சட்டங்கள் போட்டது. 8வது சட்டம், கார்டியன்ஸ் அண்ட் வார்ட்ஸ் ஆக்ட். 9வது சட்டம், ரயில்வே சட்டம். முதலாவது, பெற்றோர் இல்லாத அல்லது பெற்றோரால் பார்க்க முடியாத சிறுவர்களுக்கு நீதிமன்றம் பாதுகாவலரை நியமிப்பதற்கு. அது 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கானது. நீதிமன்றம் காவலர் போட்டிருந்தால் மட்டும் 21 வரை. மனநலம் குன்றிய பெரியவர்களுக்கு, சிவா விடுதலையான அதே 1912ல் வந்த இந்திய பைத்தியக்காரர் சட்டம் இருந்தது (பெயரே அப்படித்தான்). அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒருவர், சொத்தை நிர்வகிக்க ஒருவர் என நீதிமன்றம் நியமிக்கலாம்.

சிவா சிறுவரும் இல்லை, மனம் பிசகியவரும் இல்லை. மேடையேறினால் கூட்டத்தைக் கட்டிப்போடுகிற பேச்சாளர். கையும் காலும்தான் ஒத்துழைக்கவில்லை. அப்படிப்பட்டவரைப் பார்த்துக்கொள்ள யாருக்கும் எந்தச் சட்டமும் அதிகாரம் கொடுக்கவில்லை.

தொழுநோயாளிகளுக்கு என்று தனிச் சட்டம் ஒன்று இருந்தது, 1898ல் வந்தது. மாகாண அரசு அறிவிக்கிற பகுதிகளில் அது நடைமுறைக்கு வரும். பிச்சையெடுக்கும் அல்லது பிழைப்புக்கு வழியில்லாமல் திரியும் தொழுநோயாளியை போலீஸ் பிடிக்கலாம், டாக்டர் பரிசோதித்துச் சான்று தருவார், மாஜிஸ்திரேட் அவரைத் தொழுநோய் இல்லத்துக்கு அனுப்பலாம். உள்ளே போனால் தன் இஷ்டத்துக்கு வெளியே வர முடியாது. நோய் இருப்பவர் உணவுப்பொருள் விற்கக் கூடாது, பொதுக் கிணறு குளத்தில் குளிக்கக் கூடாது, வாடகை வண்டியில் ஏறக் கூடாது என்றெல்லாம் தடை போடவும் அதில் இடமிருந்தது.

இந்தக் கடுமையான சட்டத்துக்குள்ளேயே ஒரு சின்ன ஜன்னல் இருந்தது. சொந்தக்காரரோ நண்பரோ மாஜிஸ்திரேட் முன்னால் வந்து, இவரை நான் நன்றாகப் பார்த்துக்கொள்கிறேன், பொது இடத்தில் பிச்சையெடுக்க விடமாட்டேன் என்று எழுதிக் கொடுத்தால், இல்லத்துக்கு அனுப்பாமல் அவர் பொறுப்பில் விடலாம். தேவைப்பட்டால் ஜாமீனும் கேட்பார்கள். சொந்தக்காரருக்குச் சமமாக நண்பரையும் அங்கீகரித்தது இந்த விதி. பல நல்ல சட்டங்களில்கூட இல்லாத சலுகை அது! ஆனால் வறியவர் என்று பிடிபட்டவருக்கு மட்டும்தான். பத்திரிகை நடத்திக்கொண்டும் பேசிக்கொண்டும் இருந்த சிவா அந்த வரையறைக்குள் வருபவர் இல்லை.

மிச்சம் இருந்தது அந்த 9வது சட்டம். தொற்றுநோய் உள்ளவரை ஏற்ற மறுக்க ரயில்வேக்கு அது அதிகாரம் கொடுத்தது. நோய் வெளியே தெரிய ஆரம்பித்ததும் சிவாவுக்கு ரயில் பயணம் மூடப்பட்டது. மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு அப்போது சின்ன ரயில் ஓடிக்கொண்டிருந்தது. அது ஊருக்குத்தான், அவருக்கு இல்லை. மாட்டு வண்டியிலும் கால்நடையாகவும் ஊர் ஊராகப் போனார். காலில் புண்ணோடு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அன்றைய இந்து சட்டப்படி தீராத, கடுமையான தொழுநோய் உள்ளவருக்கு பரம்பரைச் சொத்தில் பங்கு மறுக்கலாம். 1928ல் ஒரு சட்டம் வந்துதான் அந்தத் தடை நீங்கியது. சிவா இறந்து 3 ஆண்டு கழித்து.

பாப்பாரப்பட்டி வந்த கதை

1921 இறுதியில் சிவாவுக்கு மறுபடி சிறை. 1922 தொடக்கத்தில் வெளியே வந்தார். பாரத மாதாவுக்கு ஒரு கோயில் கட்ட வேண்டும், சாதி மதம் பாராமல் எல்லோரும் வந்து கும்பிடுகிற கோயிலாக அது இருக்க வேண்டும் என்பது அவரது கடைசிக் கனவு. அதற்கு நிலம் கிடைத்த இடம்தான் பாப்பாரப்பட்டி. அன்றைக்கு அது சேலம் மாவட்டம்; தருமபுரி தனி மாவட்டமானது 1965ல்.

அவரை அங்கே ஏற்றுக்கொண்டவர்களில் முக்கியமானவர் சின்னமுத்து முதலியார். அவரும் நண்பர்களும் சேர்ந்து உதவ, நிலம் வாங்கி, அதற்கு பாரதபுரம் என்று பெயர் வைத்தார் சிவா. 1923 ஜூன் 23ல் சித்தரஞ்சன் தாஸ் வந்து கோயிலுக்கு அடிக்கல் நாட்டினார். வங்கத்தின் பெரிய வக்கீல், காங்கிரஸின் முன்னணித் தலைவர், இந்தச் சின்ன ஊருக்கு வந்தார். வரவழைத்தவர், ரயில் ஏற முடியாத ஒரு நோயாளி.

அந்த ஊர்க்காரர்கள் செய்ததைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பெருவியாதிக்காரர் குடித்த டம்ளரைத் தனியாக வைக்கிற காலம். சொந்த வீட்டிலேயே திண்ணைக்குத் தள்ளுவார்கள். போதாக்குறைக்கு இவர் ராஜதுரோக வழக்கில் ஜெயிலுக்குப் போய் வந்தவர், அவருக்கு இடம் கொடுத்தவருக்கு என்ன ஆனது என்பதும் தெரிந்த கதை. ஒரு கையெழுத்தும் இல்லாமல், எந்த மாஜிஸ்திரேட்டும் கேட்காமல் அவர்கள் அவரை வைத்துக்கொண்டார்கள்.

அதேநேரம் சிவாவைக் கட்டிப்போடவும் இல்லை. பார்த்துக்கொள்கிறவர் சொன்னபடி கேட்டு மூலையில் உட்கார்கிற ஆளும் இல்லை அவர். கோயிலுக்கு நிதி திரட்ட வெளியூர் போவார், பேசுவார், உடம்பு தாங்காதபோது திரும்புவார். எங்கே போவது, எப்போது வருவது எல்லாம் அவர் முடிவு. கடைசியாக அவர் இருந்தது மதுரைப் பக்கம். முடிவு நெருங்குகிறது என்று தெரிந்ததும் சுமார் 300 கிலோமீட்டர் கடந்து பாப்பாரப்பட்டிக்கே கிளம்பி வந்தார். வந்து சேர்ந்த மறுநாள், 1925 ஜூலை 23 அதிகாலை, உயிர் பிரிந்தது. 41 வயதுகூட நிறையவில்லை.

இன்று அவர் இருந்திருந்தால்?

முதலில், நோய் குணமாகியிருக்கும். 1980களில் இருந்து தரப்படும் கூட்டு மருந்துக்கு 6 முதல் 12 மாதங்கள் போதும், அரசு மருத்துவமனைகளில் இலவசம். 1898ம் ஆண்டு சட்டத்தை 2016ல்தான் நாடாளுமன்றம் முழுமையாக நீக்கியது. தொழுநோயைக் காரணம் காட்டி விவாகரத்து கேட்கிற வழி 2019ல் அடைபட்டது. தொழுநோயிலிருந்து குணமானவர்கள் 2016ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் பட்டியலில் இருக்கிறார்கள்.

பாதுகாவலர் விஷயத்தில் மாற்றம் பாதிதான். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு 18 வயதுக்குப் பிறகும் பாதுகாவலரை நியமிக்க 1999ம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டம் இருக்கிறது. கலெக்டர் தலைமையில் இருக்கும் உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பிக்க வேண்டும். 2016ம் ஆண்டு சட்டமோ, ஒருவரால் சட்டரீதியான முடிவை எடுக்கவே முடியாதபோது மட்டும், அவரோடு கலந்து பேசி முடிவெடுக்கிற வரம்புக்குட்பட்ட பாதுகாவலரை அனுமதிக்கிறது. கோமாவில் கிடப்பவர்களுக்கு என்று தனிச் சட்டம் இன்னும் இல்லை. குடும்பங்கள் உயர் நீதிமன்றம் போய்த்தான் உத்தரவு வாங்குகின்றன. 2024ல் சென்னை உயர் நீதிமன்றம் அப்படி ஒரு மனைவியைக் கணவரின் பாதுகாவலராக நியமித்தது.

மனம் தெளிவாக இருந்து உடம்பு மட்டும் முடியாதவருக்கு? பவர் ஆஃப் அட்டர்னி எழுதிக் கொடுக்கலாம். அதை நண்பருக்கும் கொடுக்கலாம். ஆனால் எழுதிக் கொடுத்தவர் சுயநினைவை இழந்துவிட்டால் சாதாரணமாக அது செல்லாது. மிகத் தேவைப்படுகிற நேரத்தில் கைவிடுகிற காகிதம் அது. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007ல் வந்தது. தருமபுரி மாவட்டத்தில் தருமபுரி, அரூர் கோட்டாட்சியர்களிடம் அதன்படி மனு கொடுக்கலாம். பெற்றோருக்கு வயது வரம்பில்லை; மற்றவர்களுக்கு 60 வயது நிறைந்திருக்க வேண்டும். பிள்ளைகள் மேல், பிள்ளை இல்லாவிட்டால் சொத்துக்கு வாரிசாகிற உறவினர் மேல் மட்டுமே மனு போட முடியும். 40 வயதுக்காரரான சிவா அதில் வரமாட்டார், சின்னமுத்து முதலியாரும் வரமாட்டார்.

சிவா கேட்ட கோயில் அவர் காலத்தில் எழவில்லை. அடிக்கல் நாட்டி ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு போனபிறகுதான் தமிழக அரசு பாப்பாரப்பட்டியில் பாரத மாதா நினைவாலயத்தைக் கட்டியது. அவரை அடக்கம் செய்த இடமும் அங்கேதான் இருக்கிறது.