கட்டையான காலும் பழைய ஒஸ்ரினும்

வன்னியில் பெற்றோல் கிடைக்காத காலத்தில் வளர்ந்தவள் நான். எங்கள் ஒழுங்கையில் நின்ற பழைய ஒஸ்ரின் கார் மண்ணெண்ணெயில்தான் ஓடியது. பொனற்றைத் திறந்து, காபரேற்றருக்குள் கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ராட் செய்வார்கள். எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். புகை ஒழுங்கையையே மூடும். எஞ்சினில் கைவைப்பதைப் பொழுதுபோக்காகச் செய்பவர்களும் உண்டு என்று எனக்கு அப்போது தெரியாது. நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக எங்களுக்கிருந்த வழி அதுதான்.

அதனால்தான் புரூஸ் மெக்லாரனின் வாழ்க்கை என்னைப் பிடித்துக்கொண்டது. போர்முலா 1 பந்தயங்களில் இன்று ஓடும் மெக்லாரன் கார்கள் அவருடைய பெயரைத்தான் தாங்கியிருக்கின்றன. அவரும் ஒரு பழைய ஒஸ்ரினில்தான் தொடங்கினார்.

1937 ஓகஸ்ட் 30 அன்று நியூசிலாந்தின் ஒக்லாந்து நகரில் பிறந்தார். தந்தை லெஸ் பெற்றோல் நிலையமும் கராஜும் நடத்தினார். ஒன்பது வயதில் புரூஸுக்கு பேர்தஸ் என்ற நோய் வந்தது. இரத்த ஓட்டம் தடைப்பட்டு இடுப்பு மூட்டு எலும்பு சிதையும் நோய் அது. வில்சன் இல்லம் என்ற சிறுவர் சிகிச்சை நிலையத்தில் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் இருந்தார். அதில் பெரும்பகுதி சட்டகத்தில் கட்டப்பட்டுப் படுத்த படுக்கை. எழுந்து நடந்தபோது இடது கால் கட்டையாகிவிட்டிருந்தது. வாழ்நாள் முழுவதும் சாய்ந்து சாய்ந்துதான் நடந்தார்.

பின்னர் தந்தை 1929ஆம் ஆண்டின் ஒஸ்ரின் 7 அல்ஸ்ரர் கார் ஒன்றைக் கழற்றிய துண்டுகளாக வாங்கினார். திருத்தி இலாபத்துக்கு விற்பதே அவருடைய எண்ணம். மகன் விடவில்லை. அந்தக் கார் வீட்டிலேயே தங்கியது. 747 சிசி கொள்ளளவுள்ள சின்ன எஞ்சின். அப்படிப்பட்ட எஞ்சினில் வேகம் எடுக்க வேண்டுமானால் சிலிண்டர் ஹெட்டின் உட்குழியைச் சிறிதாக்கி அமுக்கத்தைக் கூட்ட வேண்டும். காற்றும் எரிபொருளும் போகும் வழியை அராவி மழமழப்பாக்க வேண்டும். தந்தையின் கராஜில் இந்த வேலைகளில் அவருடைய கை பழகியது. 1952இல், 14 வயதில், முரிவாய் கடற்கரையில் நடந்த மேட்டேறும் போட்டியில் அந்தக் காரை ஓட்டினார்.

1958இல் நியூசிலாந்துப் பந்தய அமைப்பு அவரைத் தெரிவுசெய்து ஐரோப்பாவுக்கு அனுப்பியது. அடுத்த ஆண்டு டிசம்பரில், 22 வயதில், அமெரிக்க கிராண்ட் பிரி பந்தயத்தை வென்றார். 1963இல் சொந்த நிறுவனம் தொடங்கினார்.

நிறுவனம் என்றதும் பெரிய தொழிற்சாலையை நினைக்க வேண்டாம். இலண்டனுக்குத் தெற்கே, நியூ மோல்டனில் ஒரு மண்தரைக் கொட்டில். 1964இல் பழைய பந்தயக் கார் ஒன்றை வாங்கி, அதன் எஞ்சினைக் கழற்றிவிட்டு, 3.5 லீற்றர் ஓல்ட்ஸ்மொபில் அலுமினிய எஞ்சினைப் பொருத்தினார்கள். பெரிய எஞ்சின் பழைய குழாய்ச் சட்டகத்துக்குப் பொருந்தாது. சட்டகத்தின் நடுப்பகுதியை வெட்டியெறிந்து புதிதாக ஒட்டினார்கள். ஒழுங்கான புகைக்குழாய் செய்ய நேரமில்லை. எட்டு சிலிண்டருக்கும் எட்டுக் கட்டைக் குழாய்கள் மேல்நோக்கி நீட்டிக்கொண்டு நின்றன. பூசக் கிடைத்தது தோட்டப் படலைக்கு அடிக்கும் பச்சைப் பெயின்ற். அந்தக் கோலத்தில் கனடாவின் மொஸ்போர்ட் பந்தயத்துக்குப் போய் வென்றார் புரூஸ்.

எல்லா மாற்றமும் கைகொடுக்கவில்லை. 1966இல் தன் முதல் போர்முலா 1 காருக்கு, பெரிய போர்ட் எஞ்சின் ஒன்றை 3 லீற்றராகச் சுருக்கிப் பொருத்தினார். பாரம் அதிகம், இரைச்சல் அதிகம், வலு குறைவு. மொனாக்கோவில் எண்ணெய் கசிந்து இடையிலேயே நின்றது. இரண்டு ஆண்டுகள் கழித்து பெல்ஜியத்தில், தன் பெயர் தாங்கிய காரிலேயே முதலாவதாக வந்தார். 1969இல் வட அமெரிக்காவின் கான்-ஆம் தொடரின் 11 பந்தயங்களையும் அவருடைய அணியே வென்றது.

1970 ஜூன் 2. இங்கிலாந்தின் குட்வூட் தடத்தில் புதிய காரைப் பரிசோதித்துக்கொண்டிருந்தார். ஓட்டுநருக்குப் பின்னால் எஞ்சினை மூடியிருந்த பின்பக்க உடற்கூடு வேகத்தில் கழன்றது. காரைத் தரையோடு அழுத்திவைத்த காற்றின் விசை போய்விட்டது. கட்டுப்பாடிழந்த கார் தடத்தோரக் கட்டடத்தில் மோதியது. அவருக்கு வயது 32. பன்னிரண்டு நாள்களின் பின் அவருடைய அணி மொஸ்போர்ட்டில் மீண்டும் ஓடியது. டான் கேர்னி ஓட்டிய கார் வென்றது.

கிளிநொச்சிப் பக்கம் மோட்டார் சைக்கிள் திருத்தும் தம்பி ஒருவரை எனக்குத் தெரியும். 2009இல் ஒரு காலை இழந்தவர். மெக்லாரனின் கதையை அவருக்குச் சொன்னேன். ஊக்கமளிக்கும் கதை என்று நினைத்துத்தான் சொன்னேன். வெற்றிகளைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. அந்த இரண்டு ஆண்டுகளும் யார் பராமரித்தார்கள் என்று கேட்டார்.

மனவுறுதி இருந்தால் போதும் என்று மேடைகளில் எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். புரூஸுக்கு மனவுறுதி இருந்தது. அதற்கு முன்னால் இரண்டு ஆண்டு சிகிச்சை இருந்தது. தந்தையின் கராஜ் இருந்தது. கடல் கடந்து அனுப்பிவைக்க ஓர் அமைப்பு இருந்தது. அந்தத் தம்பிக்குக் கிடைத்தவை முகாமில் ஒரு சோடி ஊன்றுகோலும், இப்போது தேய்ந்துவிட்ட ஒரு செயற்கைக் காலும்தான். அந்தக் காலின் முழங்கால் மூட்டை, பழைய மோட்டார் சைக்கிள் பாகங்களை வைத்து அவரே இரண்டு தடவை திருத்தியிருக்கிறார்.