தன் கண்ணைத் தானே கண்டவர்

உலகைக் காட்டும் கண் தன்னைக் காட்டுவதில்லை. கண்ணாடியின் முன் நின்றால் அதன் புறத்தோற்றம் புலப்படும். அதனுள் நிகழும் காட்சித்தொழில் காண்பவனுக்கே மறைபொருள். அம்மறைபொருளை அறியத் தம் கண்ணையே ஆய்வுக்கூடமாக்கிக் கொண்டவர் யான் எவாஞ்சலிஸ்டா புர்க்கின்யே. சிறுமூளையின் பேரணுக்களும் இதயத்தின் நுண்ணார்களும் அவர் பெயரைத் தாங்கி நிற்பதால் மருத்துவம் பயில்வோர் அப்பெயரை நன்கு அறிவர். அவரே ஜெர்மானியக் கவிஞர் ஷில்லரின் கவிதைகளைத் தம் தாய்மொழியாகிய செக் மொழியில் ஆக்கித் தந்தவர் என்பதை அறிந்தோர் சிலரே. கண்ணின் இயல்பை ஆராய்ந்த பொறுமையும் தாய்மொழியை வளர்த்த பொறுமையும் அவரிடம் ஒரே ஊற்றிலிருந்து சுரந்தவை.

புர்க்கின்யே 1787 டிசம்பரில், ஹாப்ஸ்பர்க் மரபினரின் ஆட்சிக்குட்பட்டிருந்த பொஹீமிய நாட்டில், லிபொகோவிட்சே என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் ஒரு பெருநிலக்கிழாரின் பண்ணை அலுவலர். இளமையிலேயே தந்தையை இழந்த சிறுவனுக்கு இனிய குரல் வாய்த்திருந்தது. அக்குரலே அவனுக்குக் கல்விக்கு வழி திறந்தது. பத்து வயதளவில் மொராவியாவின் மிக்குலோவ் நகரிலுள்ள பியாரிஸ்டுத் துறவியர் பள்ளியில் பாடகர் குழுச் சிறுவனாகச் சேர்க்கப்பட்டான். அந்நாளில் வீட்டிலும் வயலிலும் மக்கள் பேசியது செக் மொழி. அலுவலகத்திலும் உயர்கல்வியிலும் ஆட்சி செலுத்தியது ஜெர்மன் மொழி. கல்வி உயர உயரத் தாய்மொழி விலகிச் செல்லும் நிலையை அவர் சிறுவயதிலேயே கண்டார்.

இளைஞரானதும் அத்துறவு அவையிலேயே சேர்ந்து ஆசிரியப் பணி செய்தார். மெய்யியல் நூல்கள் அவர் உள்ளத்தைப் பற்றிக்கொண்டன. கட்டற்ற சிந்தனையை நாடிய அவர், குருப்பட்டம் பெறுமுன்பே அவையை விட்டு வெளியேறிப் பிராக் நகரை அடைந்தார். செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துப் பிழைத்துப் பின் மருத்துவம் பயின்று 1818இல் பட்டம் பெற்றார்.

பட்டத்திற்காக அவர் எடுத்துக்கொண்ட பொருள் அக்கால மருத்துவ மாணவர் எவரும் எண்ணாதது. புறத்தே பொருளின்றிக் கண்ணுக்குள்ளேயே எழும் காட்சிகளை அவர் ஆராய்ந்தார். மூடிய இமையை விரலால் அழுத்தினால் இருளில் ஒளிக்கோலங்கள் பிறக்கின்றன. கண்களை மூடிக் கதிரவனை நோக்கி நின்று, முகத்தின் முன் விரல்களை விரைந்து அசைத்தால் சதுரங்கக் கட்டங்கள் தோன்றுகின்றன. இருண்ட அறையில் கண்ணின் ஓரத்தே மெழுகுவத்தியை அசைத்தால், இலையுதிர்ந்த மரம்போல் கிளைத்த கருநிழல் ஒன்று எதிரே எழுகின்றது. அது காண்பவரின் விழித்திரையிலுள்ள குருதி நாளங்களின் நிழலே. அந்நாளங்கள் ஒளியுணரும் அடுக்கின் முன்னே பரவியிருப்பதால் அவற்றின் நிழல் எந்நேரமும் அதன்மேல் விழுந்துகொண்டுதான் இருக்கிறது. ஒரே இடத்தில் விழும் நிழலைப் பார்வை பொருட்படுத்துவதில்லை. விளக்கு அசைந்து நிழலும் நகரும்போது அது புலனாகின்றது. இதனைப் புர்க்கின்யே மரம் என இன்றும் வழங்குவர்.

இவ்வாய்வுகளுக்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியிருக்கவில்லை. விரலும் மெழுகுவத்தியும் அளவற்ற பொறுமையும் போதுமானவையாயிருந்தன. ஆனால் இடர் இல்லாமல் இல்லை. டிஜிட்டாலிஸ் என்னும் நச்சுச்செடியின் மருந்தைத் தாமே உட்கொண்டு, பார்வையில் துடித்துத் தோன்றிய ரோஜா வடிவங்களை வரைந்துவைத்தார். தம் உடலையே பணயமாக்கிய இத்துணிவு அவர் ஆய்வு முழுவதிலும் காணப்படும்.

1819இல் அச்சேறிய அந்நூல் கவிஞர் கெதேயின் கவனத்தை ஈர்த்தது. நிறங்களைப் பற்றித் தாம் 1810இல் வெளியிட்ட நூலில், கண்ணினுள் தோன்றும் நிறங்களும் ஆராயத்தக்கவை என வலியுறுத்தியவர் கெதே. நியூட்டனின் ஒளிக்கொள்கையை மறுத்து அவர் எழுதியவற்றைப் பின்வந்த இயற்பியலார் ஏற்கவில்லை. காண்பவனின் கண்ணுக்கும் காட்சியில் பங்குண்டு என்ற அவர் கருத்தோ வாழ்ந்தது. அக்கருத்தை ஆய்வால் வளர்த்தவர் புர்க்கின்யே. 1822இல் இருவரும் வைமர் நகரில் சந்தித்தனர். 1825இல் வெளிவந்த தம் இரண்டாம் நூலைப் புர்க்கின்யே கெதேக்கே காணிக்கையாக்கினார்.

1823இல் பிரஷ்ய நாட்டின் பிரெஸ்லாவ் பல்கலைக்கழகம் அவரை உடலியங்கியல் பேராசிரியராக அமர்த்தியது. அந்நகர் இன்று போலந்து நாட்டில் விரோட்ஸ்வாவ் எனப்படுகிறது. ஜெர்மானியப் பேராசிரியர் நிறைந்த அவையில் ஸ்லாவிய இனத்தவர் ஒருவரை மனமுவந்து ஏற்காதவரும் இருந்தனர். பதவியேற்பையொட்டி இலத்தீன் மொழியில் அவர் எழுதிய சிறுநூல் எதிர்காலத்தின் பல கதவுகளைத் தொட்டது. விரல்நுனி வரிகளை ஒன்பது வகையாகப் பகுத்தது அதில் ஒன்று. கண்முன் வைத்த ஒரு சுடர் நான்கு பிம்பங்களாகத் தெரிவதை விளக்கியது மற்றொன்று. கார்னியா எனப்படும் முன்படலத்தின் இருபுறமும் விழியாடியின் இருபுறமும் ஒளியைத் திருப்பியனுப்புவதால் அந்நான்கும் உண்டாகின்றன. அருகிலும் தொலைவிலும் நோக்கும்போது விழியாடியின் வளைவு எவ்வாறு மாறுகிறது என்பதைப் பிற்காலத்தார் இப்பிம்பங்களைக் கொண்டே நிறுவினர்.

மூன்றாவது, ஒரு நாயின் கண்ணில் அவர் கண்டது. நாயின் பின்புறம் விளக்கை வைத்து, தாம் அணிந்திருந்த மூக்குக்கண்ணாடியின் குழிவில்லையால் அவ்வொளியை அதன் விழிக்குள் திருப்பியபோது கருமணி ஒளிர்ந்தது. அதே முறையை மனிதக் கண்ணிலும் செய்து பார்த்து, அங்கும் அவ்வாறே ஒளிரக் கண்டார். கண்ணின் உட்புறத்தை ஒளியூட்டிக் காணும் வழி அன்றே அவர் கைக்கு எட்டியிருந்தது. ஆயினும் அந்நூலை ஊன்றிப் படித்தவர் இலர். 28 ஆண்டுகளுக்குப் பின், 1851இல், ஹெல்ம்ஹோல்ட்ஸ் தாமாகவே விழியகநோக்கியை ஆக்கியளித்தபோதுதான் அவ்வழி மருத்துவ உலகுக்குத் திறந்தது.

கவிஞர்கள் புர்க்கின்யேயை நினைக்கத்தக்க கண்டுபிடிப்பு 1825ஆம் ஆண்டு நூலில் உள்ளது. பொழுது புலரும் வேளையில் நிறங்கள் எவ்வரிசையில் கண்ணுக்குத் தெரிகின்றன என்பதை அவர் கூர்ந்து நோக்கினார். முதலில் எல்லாம் கருமையும் சாம்பலுமாய் இருந்தன. பின்னர் நீலம் முதலில் துலங்கியது. பகலில் பளிச்சிடும் சிவப்போ நெடுநேரம் கருமையாகவே நின்றது. மாலை மங்கும்போது இவ்வரிசை தலைகீழாகும். சிவப்பு முதலில் கருகும். பகலொளியில் தொழில்புரிபவை கூம்பணுக்கள். மங்கிய ஒளியில் தொழில்புரிபவை கோலணுக்கள். முன்னவை 555 நானோமீட்டர் அளவிலான மஞ்சள்பச்சை ஒளியையும், பின்னவை 507 நானோமீட்டர் அளவிலான நீலப்பச்சை ஒளியையும் மிகுதியாக உணர்வதே இதற்குக் காரணம். இவ்விருவகை அணுக்களின் வேறுபட்ட தொழிலை மாக்ஸ் ஷுல்ட்சே 1866இல் எடுத்துரைத்தார். புர்க்கின்யே அவ்வணுக்களின் தொழிலை அறிந்திலர்; விடியலைப் பார்த்தே விளைவை அறிந்தார்.

பலமுறை வேண்டியபின் 1832இல் வியன்னாவில் செய்த சிறந்த நுண்ணோக்கி ஒன்று அவர் கைக்கு வந்தது. அதன்பின் அவர் பார்வை தம் கண்ணிலிருந்து உயிர்களின் திசுக்களுக்குத் திரும்பியது. 1837இல் பிராக் நகரில் கூடிய அறிஞர் அவையில் சிறுமூளையின் பேரணுக்களைக் காட்டினார். விலங்குத் திசுக்களின் மணிகளும் தாவர அணுக்களும் தம்முள் ஒத்தவை என்றும் அங்கே எடுத்துரைத்தார். ஈராண்டுக்குப் பின் ஷ்வான் வெளியிட்ட உயிரணுக் கொள்கையே உலகப்புகழ் பெற்றது. ஆட்டின் இதயத்தில் புர்க்கின்யே நார்களைக் கண்டதும், உடலியங்கியலுக்கெனத் தனி நிறுவனம் பிரெஸ்லாவில் உருவானதும் 1839இல். தம் கண்டுபிடிப்புகள் பலவற்றை மாணவரின் பட்ட ஆய்வேடுகள் வழியே வெளியிடச் செய்தமையால், அவருக்குரிய முதன்மை பலவிடங்களில் மறைந்துபோயிற்று.

இல்வாழ்க்கை அவருக்கு இன்பத்தைக் குறைவாகவே அளந்தது. பெர்லினின் உடற்கூற்றியல் பேராசிரியர் ருடோல்பியின் மகள் யூலியாவை 1827இல் மணந்தார். பெண்மக்கள் இருவர் இளமையிலேயே இறந்தனர். 1835இல் யூலியாவும் மறைந்தார். எஞ்சிய புதல்வர் இருவரையும் தாயின்றி வளர்க்கும் பொறுப்பு அவரைச் சேர்ந்தது.

இத்துயருக்கிடையே அவர் ஷில்லரை மொழிபெயர்த்தார். செக் மொழி உழவர்க்கும் பணியாளர்க்குமே உரியது, உயர்ந்த கருத்தை அது தாங்காது என்று கருதியோர் மிகுந்திருந்த காலம் அது. அதற்கு விடையாக அவர் வாதம் எதையும் எழுப்பவில்லை, கவிதைகளையே முன்வைத்தார். அம்மொழிபெயர்ப்பு 1841இல் வெளிவந்தது.

1850இல், 62 வயதில், பிராக் பல்கலைக்கழகப் பேராசிரியராகத் தாயகம் திரும்பினார். யான் கிரெய்ச்சியுடன் இணைந்து 1853இல் சீவா என்னும் அறிவியல் இதழைச் செக் மொழியில் தொடங்கினார். உடலின் உறுப்புகளையும் தாவரங்களையும் பாறைகளையும் பற்றித் தாய்மொழியில் எழுதப்பட வேண்டியிருந்தது. சொல் இல்லாத இடத்தில் சொல்லைக் காண வேண்டியிருந்தது. நாட்டுக்கென அறிவியல் கழகம் ஒன்று எவ்வாறு அமையவேண்டும் என்பதையும் 1861 முதல் அவ்விதழிலேயே விரித்தெழுதினார்.

இதற்கு அவர் ஒரு விலை கொடுத்தார். பிரெஸ்லாவில் ஆண்டுதோறும் பெருகிய ஆய்வுகள் பிராக்கில் அவ்வாறு பெருகவில்லை. ஜெர்மன் மொழியிலேயே எழுதி, ஆய்வுக்கூடத்திலேயே இருந்திருந்தால் அவர் புகழ் இன்னும் பரவியிருக்கலாம். கட்டுரையும் கலைச்சொல்லும் தேடிய அந்த ஆண்டுகளை வீணென்று கொள்வதற்கில்லை. கண் எவ்வாறு காண்கிறது என்பதைத் தம் மக்கள் தம் சொல்லாலேயே அறிய வேண்டும் என்று விரும்பியவர், அச்சொல்லை ஆக்கும் உழைப்பையும் தாமே ஏற்றார்.

ஓவியராகப் பெயர்பெற்ற மகன் காரெல் 1868இல் 34 வயதில் மறைந்தார். அடுத்த ஆண்டு ஜூலை 28ஆம் நாள் தந்தையும் மறைந்தார். விஷெஹ்ராடுக் குன்றின் கல்லறைத் தோட்டத்தில் அவர் அடக்கம் செய்யப்பட்டார். அவர் மறைந்து 13 ஆண்டுகளில், 1882இல், பிராக் பல்கலைக்கழகம் இரண்டாகப் பிரிந்து, ஒன்று செக் மொழியில் உயர்கல்வி தந்தது. அவர் கனவு கண்ட அறிவியல் கழகம் 1890இல் நிறுவப்பட்டது. சீவா இதழ் இடையில் நின்றும் மீண்டும் தளிர்த்தும் இன்றும் செக் மொழியில் வெளிவந்துகொண்டிருக்கிறது.