பூட்டு விற்றவரும் சாவி கேட்டவரும்

வில்லியம் பிரீட்மன் 1891இல் அன்றைய ரஷ்யப் பேரரசின் கிஷினேவ் நகரில் யூதக் குடும்பமொன்றில் பிறந்தார். அடுத்த ஆண்டே குடும்பம் அமெரிக்காவுக்குப் புலம்பெயர்ந்தது. மரபியல் படித்த அவரை வேலைக்கு எடுத்தவர் ஜோர்ஜ் ஃபேபியன் என்ற துணி வர்த்தகர். சிக்காகோவுக்கு அருகே அவர் நடத்திய ஆய்வுகூடத்தில்தான் பிரீட்மன் இரகசியக் குறியீடுகளை உடைக்கப் பழகினார். கூட வேலை செய்த எலிசபெத்தை 1917இல் மணந்தார். அந்த ஆண்டே அமெரிக்கா முதலாம் உலகப் போரில் இறங்கியது. குறியீட்டு வேலை தெரிந்தவர்கள் அரசிடம் மிகச் சிலரே இருந்தார்கள். ஆகவே ஒரு வர்த்தகரின் ஆய்வுகூடம் இராணுவ அதிகாரிகளின் பயிற்சிக்கூடமானது.

பின்னர் பிரீட்மன் அரச சேவையில் சேர்ந்தார். ஜப்பானிய இராஜதந்திரிகளின் குறியீட்டு இயந்திரத்தை அவரது குழு 1940இல், அதைக் கண்ணால் காணாமலே, உடைத்தது. அந்த உழைப்பின் சுமையில் மனமுடைந்து 1941இல் வைத்தியசாலையில் படுத்தார்.

அவரது நண்பர் பொரிஸ் ஹகெலின் குறியீட்டு இயந்திரங்களைச் செய்து விற்றவர். போர்க்காலத்தில் ஹகெலினின் இயந்திரம் ஒன்று மட்டும் அமெரிக்க இராணுவத்துக்காக 1,40,000க்கு மேல் தயாரிக்கப்பட்டது. 1951இல் வொஷிங்டனில் இருவரும் இரவுணவில் சந்தித்து, கையொப்பமில்லாத ஓர் இணக்கத்துக்கு வந்தார்கள். அமெரிக்கா சம்மதிக்கும் நாடுகளுக்கு மட்டும் வலுவான இயந்திரம். மற்றவர்களுக்குப் பழையது, பலவீனமானது. 1955இல் சுவிட்ஸர்லாந்தில் ஹகெலினைத் தேடிச் சென்று பிரீட்மன் அதைப் புதுப்பித்தார்.

1958இல், அவர் முன்பு பணியாற்றிய தேசிய பாதுகாப்பு முகவரகத்தின் ஆட்களே வீட்டுக்கு வந்து அவரது ஆவணங்களை அள்ளிச் சென்றார்கள். பிரீட்மன் மிகவும் நொந்துபோனார். 1969இல் காலமானார்.

மறு ஆண்டே அமெரிக்காவின் சி.ஐ.ஏயும் மேற்கு ஜேர்மனியின் உளவுத்துறையும் ஹகெலினின் கிரிப்டோ ஏ.ஜி நிறுவனத்தை இரகசியமாக வாங்கின. 120க்கும் மேற்பட்ட நாடுகள் அந்த நிறுவனத்தின் இயந்திரங்களை வாங்கியிருந்தன. இந்தியாவும் பாகிஸ்தானும் அவற்றில் அடங்கும். முழுக்கதை 2020 பெப்ரவரியில்தான் ஊடகங்களில் வெளியானது.

இணையப் பாதுகாப்புக்கு அரசும் நிறுவனங்களும் சேர்ந்து இயங்கத்தான் வேண்டும். வங்கியும் மின்சாரமும் தொலைபேசியும் தனியார் கணினிகளை நம்பியிருக்கும் காலம் இது. ஆனால், 1951இன் அந்த இரவுணவு மேசையில் பணம் கொடுத்து இயந்திரம் வாங்கியவனுக்கு இடமிருக்கவில்லை. கண்காணிப்பின் கீழ் வாழ்ந்து பழகிய நாங்கள், பாதுகாப்பின் பெயரில் வரும் ஒவ்வொரு சட்டத்திடமும் இணக்கத்திடமும் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இந்தப் பூட்டின் இன்னொரு சாவி யாரிடம் இருக்கிறது?