நாடகத் தமிழுக்கு இலக்கணம் வகுத்த பரிதிமாற் கலைஞர்

கொல்லிமலைப் பெரக்கரை நாட்டினின்றும் தமிழ் கற்க வந்தேம் யாம். எம் மலைக்குத் தலைவனாயிருந்த வல்வில் ஓரியின் கொடை கண்டு, கூத்தர் ஆடலும் பாடலும் மறந்தனரெனப் புறநானூறு கூறும். கூத்தரை இங்ஙனம் போற்றிய தமிழகத்தில், கூத்தின் இலக்கணம் கூறிய முறுவல், சயந்தம், குணநூல், செயிற்றியம் முதலியன மறைந்தொழிந்தன. சிலப்பதிகார உரையில் அவற்றின் பெயர்களைக் காண்கின்றோம். இக்குறையைத் தீர்க்க முற்பட்ட பெரியாரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

மதுரையை அடுத்த விளாச்சேரியில் 1870-ஆம் ஆண்டு கோவிந்த சிவனாருக்கும் இலட்சுமி அம்மையாருக்கும் மகனாராய்த் தோன்றியவர் வி. கோ. சூரியநாராயண சாஸ்திரியார். வடமொழியைத் தந்தையாரிடமும், தமிழை மதுரைச் சபாபதி முதலியாரிடமும் பயின்றார். பின்னர்ச் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிற் கற்று, 1892-இல் தமிழிலும் தத்துவத்திலும் முதல்வராய்த் தேறினார். கல்லூரித் தலைவர் மில்லர் துரையவர்கள் தத்துவ ஆசிரியர் பதவியை அளிக்க முன்வந்தனர். சாஸ்திரியாரோ தமிழாசிரியர் பதவியையே வேண்டிப் பெற்றார். தமிழ்ப் பண்டிதர்க்கு மதிப்பும் ஊதியமும் குறைந்திருந்த அந்நாளில் இஃது எளிய செயலன்று.

நாடகமென்றாற் கற்றோர் பலர் முகஞ்சுளித்த காலமும் அதுவே. அவர் ரூபாவதி, கலாவதி என்னும் நாடகங்களை இயற்றியதோடு, தாமே வேடம் புனைந்து நடித்துங் காட்டினார். சேரமான் கணைக்காலிரும்பொறையின் மானவுணர்ச்சியை மானவிஜயம் என்னும் செய்யுள் நாடகமாக்கினார். இவற்றினும் மேலாகப் போற்றத்தக்கது 1897-இல் வெளிவந்த நாடகவியல். பழந்தமிழ் உரைகளிற் சிதறிக்கிடந்த செய்திகளையும், வடமொழி நாடக நூற்கொள்கைகளையும், மேலைநாட்டு நாடக மரபுகளையும் ஒப்புநோக்கி, செய்யுளால் அவர் யாத்த இலக்கணம் அது. இழந்த நூல்களுக்காக இரங்கியிராது, எஞ்சியவற்றைக்கொண்டு புதுநூல் செய்த துணிவே அவர்தம் பெருமை.

பல்கலைக்கழகப் பாடத்தினின்றும் தாய்மொழிகளை நீக்க முயன்றகாலை, நண்பர் பூரணலிங்கம் பிள்ளையுடன் நின்று அதனை எதிர்த்தார். தமிழை உயர்தனிச் செம்மொழியென நிறுவினார். தம் பெயரையும் பரிதிமாற் கலைஞரெனத் தமிழாக்கிக்கொண்டார். அந்தோ! 1903-இல், முப்பத்துமூன்றாம் அகவையில், கொடுநோய் அவரைக் கவர்ந்தது. தமிழைச் செம்மொழியென இந்திய அரசு ஏற்றது 2004-இலாம்.

இன்று தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தும் புதுவைப் பல்கலைக்கழகத்தும் நாடகம் ஆராய்ச்சிக்குரிய துறையாய் விளங்குகின்றது. தமிழ் கற்றுப் பெறும் பயன் யாதென எம் சுற்றத்தார் வினவுங்கால், யாம் இவ்வாசிரியரை நினைக்கின்றேம். எம் மலைமக்களின் ஆட்டமும் பாட்டும் முறுவலும் சயந்தமும்போல் மறைந்தொழியாதிருக்க வேண்டின், அவற்றைக் கண்டு கேட்டு எழுதிவைத்தல் எம்போன்ற மாணவர் கடனன்றோ?