சோளத்தில் தாவிய மரபணு மீனுக்குள் எப்படி? - யார் இந்த பார்பரா மெக்ளின்டாக்?

ஜப்பானின் நெல் வயல்களில் நீந்தும் குட்டி மீன் மெடாகா. விரல் நீளம்கூட இருக்காது. அதில் ஒரு ரகம் மட்டும் நிறமே இல்லாமல் வெளிறிப்போய் இருக்கும். ஏன்?

1996-ல் நகோயா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காரணத்தைப் பிடித்தார்கள். நிறமியை உருவாக்கும் மரபணுவின் உள்ளே, சுமார் 4,700 எழுத்துகள் நீளமுள்ள டிஎன்ஏ துண்டு ஒன்று வந்து உட்கார்ந்திருந்தது. அதற்கு டால்2 என்று பெயர். இதன் சொந்தபந்தம் யார் என்று பார்த்தால், அதில் ஒன்று இருப்பது மக்காச்சோளத்தில்!

அந்தச் சோளத் துண்டை அரை நூற்றாண்டுக்கு முன்பே கண்டுபிடித்தவர் பார்பரா மெக்ளின்டாக். மெடாகா செய்தி வந்தபோது அவர் இறந்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன.

1902-ல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில் பிறந்தவர். வளர்ந்தது நியூயார்க்கின் புரூக்ளினில். காலேஜுக்குப் போனால் பெண்ணுக்குக் கல்யாணம் ஆகாது என்று அம்மாவுக்குப் பயம் (நமக்கும் கேட்டுப் பழகிய வசனம்தான்). போர்ப் பணி முடிந்து திரும்பிய அப்பா பக்கத்தில் நிற்க, 1919-ல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1927-ல் முனைவர் பட்டம்.

சோளத்தின் 10 ஜோடி குரோமோசோம்களை மைக்ராஸ்கோப்பில் ஒவ்வொன்றாக அடையாளம் சொன்னவர் அவர். 1931-ல் ஹாரியட் கிரெய்ட்டனோடு சேர்ந்து, குரோமோசோம்கள் தங்களுக்குள் துண்டுகளை மாற்றிக்கொள்வதை நிரூபித்தார். உடைந்த குரோமோசோம் முனைகள் ஒட்டிக்கொண்டு, மறுபடி உடைந்து, மறுபடி ஒட்டும் சுழற்சியையும் விளக்கினார். 1944-ல் அமெரிக்க தேசிய அறிவியல் அகாடமி அவரை உறுப்பினராக்கியது. அந்தப் பெருமையைப் பெற்ற மூன்றாவது பெண். ஆக, அவர் முகம் தெரியாத ஆள் கிடையாது.

அதே சமயத்தில்தான் நியூயார்க் அருகே கோல்டு ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வுக்கூடத்தில் அந்த விசித்திரம் கண்ணில் பட்டது. ஒரே சோளக் கதிரில் சில மணிகளில் மட்டும் புள்ளி புள்ளியாக நிறம். 9-வது குரோமோசோமில் ஒரு குறிப்பிட்ட இடம் திரும்பத் திரும்ப உடைகிறது. அதற்கு டிஎஸ் என்று பெயர் வைத்தார். ஆனால் ஏசி என்ற இன்னொன்று அந்தச் செடியில் இருந்தால்தான் டிஎஸ் வேலை செய்கிறது. இதில் பெரிய அதிர்ச்சி, இரண்டுமே இடம் மாறுகின்றன என்பது. நிற மரபணுவுக்குள் டிஎஸ் புகுந்தால் நிறம் அணைந்துவிடும். மணி வளரும்போது ஒரு செல்லில் அது வெளியேறினால், அந்தச் செல்லின் வாரிசுகளில் நிறம் திரும்பிவிடும். சீக்கிரம் வெளியேறினால் பெரிய திட்டு, தாமதமானால் சின்னப் புள்ளி.

டிஎன்ஏவின் வடிவமே தெரியாத காலம் அது. மரபணுக்கள் நூலில் கோத்த மணிகள்போல அசையாமல் இருக்கும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். 1951-ல் அவர் இதைக் கருத்தரங்கில் விளக்கியபோது பலருக்குப் புரியவில்லை, சிலர் நம்பவில்லை.

பெண் என்பதால் ஒதுக்கினார்கள் என்று சோஷியல் மீடியாவில் சுருக்கமாகச் சொல்வது பாதிக் கதைதான். சோளத்தில் துண்டுகள் தாவுவதை மற்ற சோள ஆய்வாளர்களும் சீக்கிரமே உறுதிசெய்தார்கள். இது எல்லா உயிர்களிலும் நடக்கும், மரபணுக்களின் சுவிட்சே இதுதான் என்று அவர் சொன்னதில்தான் சிக்கல். 1953-க்குப் பிறகு இது பற்றி ஆய்விதழ்களில் எழுதுவதையே அவர் பெரும்பாலும் குறைத்துக்கொண்டார். ஆய்வு மட்டும் நிற்கவில்லை; முடிவுகளை நிறுவனத்தின் ஆண்டறிக்கைகளில் பதிவுசெய்தபடி இருந்தார்.

1960-களின் இறுதியில் பாக்டீரியாவிலும் தாவும் துண்டுகள் சிக்கின. பிறகு பழ ஈ, அப்புறம் மனிதன். 1983-ல் மருத்துவ நோபல், யாரோடும் பகிராமல். வயது 81. வீட்டில் போன் கிடையாது. செய்தியை ரேடியோவில்தான் கேட்டார். மருத்துவ நோபலைத் தனியாக வென்ற ஒரே பெண் இன்றுவரை அவர்தான். 1992 செப்டம்பர் 2-ல் 90 வயதில் காலமானார்.

சரி, மீன்களுக்கு வருவோம். இந்தியாவிலும் வங்கதேசத்திலும் இயற்கையாக வாழும் ஜீப்ரா மீனின் டிஎன்ஏவில் பாதிக்கு மேல் தாவும் துண்டுகள்தான் என்று 2013-ல் தெரிந்தது. ஃபுகு எனும் பேத்தை மீனின் மொத்த டிஎன்ஏ மனிதனுடையதில் எட்டில் ஒரு பங்கு. ஆஸ்திரேலிய நுரையீரல் மீனுக்கோ 14 மடங்கு. அவ்வளவு பெருத்ததற்கு முக்கியக் காரணம், இந்தத் துண்டுகள் நகலெடுத்துக் குவிந்ததுதான்.

குவிவதோடு விஷயம் முடிவதில்லை. ஒரே மாதிரித் துண்டு பல இடங்களில் கிடந்தால், செல் குழம்பித் தவறான இடங்களை ஒட்டிவிடும். குரோமோசோமின் ஒரு பகுதி தலைகீழாகலாம், காணாமல் போகலாம், வேறு குரோமோசோமில் போய்ச் சேரலாம். சால்மன் மீன்களின் மூதாதைக்குச் சுமார் 8 கோடி ஆண்டுகளுக்கு முன் மொத்த டிஎன்ஏவும் இரட்டிப்பானது. அதன்பிறகு குரோமோசோம்கள் பெரிய அளவில் மாறி அமைந்த காலமும், தாவும் துண்டுகள் பெருகிய காலமும் ஒத்துப்போகின்றன என்கிறது 2016-ல் வெளியான அட்லாண்டிக் சால்மன் ஆய்வு.

மெடாகாவின் டால்2 இன்னும் தாவும் திறனோடுதான் இருக்கிறது. அதனால் ஜீப்ரா மீனுக்குள் புது மரபணுவைச் சேர்க்க வேண்டுமென்றால், உலகெங்கும் ஆய்வுக்கூடங்கள் கையிலெடுப்பது பெரும்பாலும் அதைத்தான். அதாவது, மெக்ளின்டாக்கின் ஏசிக்குத் தூரத்துச் சொந்தத்தை.