சூட்டின் கணக்கைக் கண்ட விவசாயி மகன்

அவித்த நெல்லைக் களத்தில் பரப்பினால், சற்று நேரத்தில் ஆறிவிடுகிறது. சூட்டைக் காற்று கொண்டுபோய்விடுகிறது. பழுக்கக் காய்ச்சிய இரும்பைக் கொல்லர் தண்ணீரில் தோய்க்கிறார். சூட்டைத் தண்ணீர் வாங்கிக்கொள்கிறது.

காற்றும் இல்லை, தண்ணீரும் இல்லை என்றால் சூடு எங்கே போகும்?

இதை ஆராய்ந்து கணக்குப் போட்டுக் காட்டிய தமிழர் ஒருவர் உண்டு. அவர்தான் சர் கே. எஸ். கிருஷ்ணன்.

ராமனின் துணைவர்

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அருகே உள்ள வத்திராயிருப்பில், 1898-ம் ஆண்டு டிசம்பர் 4-ந் தேதி கிருஷ்ணன் பிறந்தார். தந்தை விவசாயி, தமிழும் வடமொழியும் கற்றவர். மதுரையிலும் சென்னையிலும் கிருஷ்ணன் கல்லூரிப் படிப்பை முடித்தார்.

காவிரிக்கரைத் திருவானைக்காவலில் பிறந்த சி. வி. ராமன், அப்போது கல்கத்தாவில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். 1923-ல் கிருஷ்ணன் அவரிடம் போய்ச் சேர்ந்தார். திரவங்களின் வழியே ஒளியைப் பாய்ச்சி, ஒவ்வொன்றாகச் சோதித்தார். 1928-ல் "ராமன் விளைவு" பிறந்தது.

1930-ல் ராமனுக்கு நோபல் பரிசு கிடைத்தது. கிருஷ்ணனுக்கு அதில் பங்கு இல்லை. ஆனாலும் அவர் ஆராய்ச்சி நிற்கவில்லை. டாக்காவிலும் கல்கத்தாவிலும் படிகங்களின் காந்த குணத்தை ஆராய்ந்தார். 1940-ல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. 1946-ல் "சர்" பட்டம் வந்தது.

காய்ச்சிய கம்பி

1947-ல் டெல்லி தேசிய பௌதிக ஆராய்ச்சிக் கூடத்தின் முதல் தலைவரானார். 1948-ல் அமைந்த அணுசக்திக் கமிஷனிலும் இடம் பெற்றார். பதவி வந்த பிறகும் சோதனையை விடவில்லை.

உலோகத்தை மிகவும் சூடாக்கினால், அதிலிருந்து எலெக்ட்ரான்கள் பறந்து வெளியேறும். எத்தனை வெளியேறும் என்பது சூட்டைப் பொறுத்தது. சூட்டின் அளவு சற்றுப் பிசகினாலும் கணக்கு வெகுவாகப் பிசகிவிடும்.

காற்று நீக்கிய குழாயில் மெல்லிய கம்பியை மின்சாரத்தால் காய்ச்சினால், நடுவில் சூடு அதிகம்; பிடித்திருக்கும் இரு முனைகளிலும் குறைவு. இடையே சூடு எப்படி இறங்குகிறது? 1954-ல், எஸ். சி. ஜெயினுடன் சேர்ந்து கிருஷ்ணன் இதை விளக்கினார். முனைகளின் வழியே கொஞ்சம் சூடு ஓடும். மற்றதெல்லாம் ஒளிக்கதிரைப் போல வெளியே வீசும். வேறு வழி கிடையாது.

வானவெளியிலும் இதே கதை

பூமியைச் சுற்றும் செயற்கைக்கோளுக்கும் இதே நிலைமைதான். அங்கே காற்று இல்லை. 1987-ல் சோவியத் ரஷ்யா, "டோபாஸ்" என்னும் சிறு அணு உலைகளை இரண்டு செயற்கைக்கோள்களில் வைத்து அனுப்பியது. யுரேனியத்தின் சூட்டில் உலோகம் காய்ந்தது. அதிலிருந்து பறந்த எலெக்ட்ரான்கள் மின்சாரமாயின. மிஞ்சிய சூட்டை, சோடியமும் பொட்டாசியமும் கலந்த திரவ உலோகம் வெளித்தகடுகளுக்குக் கொண்டுபோயிற்று. தகடுகள் அதை வெற்றுவெளியில் வீசின. சூடு வெளியேறாவிட்டால் உலையே உருகிப்போகும்.

தகடு எவ்வளவு சூடாக இருக்கிறதோ, அவ்வளவு வேகமாக வீசும். விஞ்ஞானிகள் அளக்கும் தனிச் சூட்டளவு இரண்டு மடங்கானால், வீசும் சூடு 16 மடங்காகும். அதனால்தான் சிறிய தகடே போதுமானதாகிறது.

அந்த உலைகளைக் கட்டியவர்கள் ரஷ்ய நிபுணர்கள். ஆனால் காய்ந்த உலோகம், பறக்கும் எலெக்ட்ரான், காற்றில்லா இடத்தில் வீசும் சூடு ஆகிய மூன்றும் கிருஷ்ணன் டெல்லியில் ஆராய்ந்தவை.

அதைப் பார்க்க அவர் இல்லை. 1961-ம் ஆண்டு ஜூன் 14-ந் தேதி, ஆராய்ச்சிக் கூடத் தலைவராக இருக்கும்போதே, 62-வது வயதில் காலமானார். பரிசில் பங்கு கிடைக்காதவரின் உழைப்பு வீண் போகவில்லை.