அத்திப்பட்டில் ரயிலைப் பிடிக்க ஓடினால் தசைக்குள் என்ன நடக்கும்? விடை சொன்ன மெட்ராஸ் மாணவர் சுப்பாராவ் யார்?

காலை நேரம். அத்திப்பட்டு ஸ்டேஷனுக்கு வெளியே இருக்கீங்க. சென்ட்ரல் போற எலக்ட்ரிக் ட்ரெயின் உள்ளே வந்துடுச்சு. ஒரே ஓட்டம். பத்து செகண்டில் கடைசிப் பெட்டியில் ஏறிட்டீங்க.

அந்த பத்து செகண்டுக்கு உங்கள் கால் தசைக்கு சக்தி எங்கிருந்து வந்தது? மூச்சு வாங்கவே நேரம் இல்லையே, சாப்பிட்ட இட்லியும் இன்னும் செரிக்கவில்லையே?

இந்தக் கேள்விக்கு விடை கண்டுபிடித்த இருவரில் ஒருவர், நீங்கள் ஏறிய ரயில் போய் நிற்கும் இடத்துக்கு எதிரே இருக்கும் மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் படித்தவர். பெயர் எல்லாப்பிரகட சுப்பாராவ்.

யார் இந்த சுப்பாராவ்?

அன்றைய மெட்ராஸ் மாகாணத்தில் இருந்த பீமவரத்தில் 1895 ஜனவரி 12-ல் பிறந்தவர். சின்ன வயதிலேயே அப்பாவை இழந்தார். மெட்ரிகுலேஷன் தேர்வில் இரண்டு முறை தோற்றார். மெட்ராஸ் இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்து மூன்றாவது முறைதான் பாஸ் ஆனார். பிறகு மாநிலக் கல்லூரி, அதன்பின் மருத்துவக் கல்லூரி.

அங்கேதான் சிக்கல் வந்தது. காந்தியின் அழைப்பை ஏற்று, அறுவை சிகிச்சை வகுப்புக்குக் கதர் உடையில் போனார். பிரிட்டிஷ் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. முடிவில் சுப்பாராவுக்குக் கிடைத்தது எம்.பி.பி.எஸ். அல்ல, அதைவிடக் குறைந்த எல்.எம்.எஸ். சான்றிதழ்தான்.

அரசு மருத்துவப் பணிக்கு முயன்றார், கிடைக்கவில்லை. மெட்ராஸில் ஓர் ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறு பாடம் நடத்தினார். இதற்கிடையே அண்ணன் ஸ்ப்ரூ என்ற குடல் நோயில் இறந்துபோனார். அந்த நோய்க்கு அப்போது சரியான மருந்தே கிடையாது.

மாமனார் வீட்டு உதவியோடு, மனைவியை இங்கேயே விட்டுவிட்டு, 1920-களின் தொடக்கத்தில் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார். அதன்பிறகு அவர் ஊர் திரும்பவே இல்லை.

நீல நிறம் காட்டிக்கொடுத்த ரகசியம்

பாஸ்டனில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். செலவுக்கு மருத்துவமனையில் இரவு நேர எடுபிடி வேலை. பகலில் சைரஸ் ஃபிஸ்கே என்ற விஞ்ஞானியிடம் ஆய்வு.

ரத்தத்திலும் திசுக்களிலும் எவ்வளவு பாஸ்பரஸ் இருக்கிறது என்று நீல நிறத்தை வைத்து அளக்கும் முறையை இருவரும் 1925-ல் வெளியிட்டார்கள். ஃபிஸ்கே-சுப்பாராவ் முறை என்று பாடப்புத்தகங்களில் இன்றும் இருப்பது இதுதான்.

இதே முறையில் தசையைச் சோதித்தபோது ஒரு வினோதம். நீல நிறம் உடனே வரவில்லை, மெதுவாக ஏறிக்கொண்டே போனது. வேறு யாராவது இருந்தால் சோதனையில் தப்பு என்று விட்டிருக்கலாம். இவர்கள் விடவில்லை. தசைக்குள் ஏதோ ஒரு பொருள் மெல்ல உடைந்து பாஸ்பேட்டை வெளியே விடுகிறது என்று பிடித்தார்கள். அதுதான் பாஸ்போகிரியேட்டின். ஆண்டு 1927. அதே காலத்தில் லண்டனில் எக்கிள்டன் தம்பதியும் தனியாக இதே பொருளைத் தொட்டிருந்தார்கள்.

1929-ல் அடுத்தது, ஏ.டி.பி. ஜெர்மனியில் கார்ல் லோமனும் அதே ஆண்டு இதைக் கண்டுபிடித்தார். தசைக்குச் சக்தி லாக்டிக் அமிலத்திலிருந்து வருகிறது என்ற அன்றைய பெரிய கோட்பாடு இதனால் ஆட்டம் கண்டது.

சரி, இது எப்படி வேலை செய்கிறது?

ஏ.டி.பி.தான் தசைக்கு கரண்ட் மாதிரி. ஆனால் கையிருப்பு சில நொடிக்குத்தான். தீர்ந்துபோகும் முன் அதை உடனே நிரப்பித் தருவது பாஸ்போகிரியேட்டின், வீட்டு இன்வெர்ட்டர் மாதிரி. ரயிலைப் பிடிக்க ஓடிய அந்த பத்து செகண்டை ஓட்டியது பெரும்பாலும் இதுதான். ஜிம்மில் டப்பா டப்பாவாக விற்கும் கிரியேட்டின் பவுடருக்குப் பின்னால் இருக்கும் விஷயமும் இதுவே.

இந்த நிரப்பும் வேலையைச் செய்யும் தசைப் புரதத்தின் பெயர் கிரியேட்டின் கைனேஸ், சுருக்கமாக சி.கே. தசை சிதைந்தால் இது ரத்தத்தில் கசியும். அதனால்தான் தசைச் சிதைவு நோய் சந்தேகம் என்றால் டாக்டர்கள் சி.கே. டெஸ்ட் எழுதுகிறார்கள். மாரடைப்பைக் கண்டறியவும் இதன் இதய வகையைப் பல காலம் பார்த்தார்கள். இப்போது அந்த இடத்தைப் பெரும்பாலும் ட்ரோபோனின் டெஸ்ட் பிடித்துவிட்டது.

ஆய்வகங்களுக்கு இந்த மனிதப் புரதம் எங்கிருந்து கிடைக்கிறது? மனிதர்களிடமிருந்து எடுக்க வேண்டியதில்லை. அதற்கான மனித மரபணுவை ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் வைத்தால், அது பெருகும்போது புரதத்தையும் சேர்த்துத் தயாரிக்கும். அதைப் பிரித்துச் சுத்தம் செய்து சின்னக் குப்பிகளில் விற்கிறார்கள். மறுசேர்க்கைப் புரதம் என்பது இதுதான். சர்க்கரை நோயாளிகள் போடும் இன்சுலினும் இதே வழியில் தயாராவதுதான்.

பெயர் ஏன் வெளியே வரவில்லை?

இவ்வளவு செய்தும் ஹார்வர்டில் அவருக்கு நிரந்தரப் பதவி கிடைக்கவில்லை. சுப்பாராவ் பிரித்தெடுத்த சில பொருள்கள் ஃபிஸ்கேயின் பொறாமையால் வெளிவராமல் போயின, பல ஆண்டுகள் கழித்து மற்றவர்கள் அவற்றை மறுபடி கண்டுபிடிக்க வேண்டி வந்தது என்று பின்னாளில் சொன்னவர் ஜார்ஜ் ஹிட்சிங்ஸ். அதே ஹார்வர்டில் இருந்தவர், 1988-ல் நோபல் பரிசு பெற்றவர்.

1940-ல் சுப்பாராவ் லெடர்லே மருந்து நிறுவனத்துக்குப் போனார். அங்கே அவர் வழிநடத்திய குழுக்களின் பட்டியலைப் பாருங்கள்:

* போலிக் அமிலம்: கர்ப்பிணிகளுக்குத் தரும் மாத்திரை. அண்ணனைக் கொன்ற ஸ்ப்ரூ நோய்க்கும் மருந்தானது.
* அமினோப்டெரின், மெத்தோட்ரெக்சேட்: குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு முதல் நம்பிக்கை தந்த மருந்துகள்.
* டி.இ.சி.: யானைக்கால் நோயை ஒழிக்கத் தமிழ்நாட்டில் வீடு வீடாகக் கொடுத்த மாத்திரை.
* ஆரியோமைசின்: டெட்ராசைக்ளின் வகையில் முதல் ஆன்டிபயாட்டிக்.

1948 ஆகஸ்டில், 53 வயதில், நியூயார்க் மாகாணத்தில் தூக்கத்திலேயே இறந்தார். காரணம், மாரடைப்பு. அதைக் கண்டறிய உதவிய சி.கே. டெஸ்ட் மருத்துவமனைகளுக்கு வந்தது அதற்குப் பல ஆண்டுகள் கழித்துத்தான்.

1995-ல், நூற்றாண்டையொட்டி, இந்திய அரசு அவருக்குத் தபால்தலை வெளியிட்டது. எம்.பி.பி.எஸ். பட்டம் தராத அதே கல்லூரியில், இன்று மாணவர்கள் உயிர்வேதியியலில் ஏ.டி.பி. பற்றிப் படிக்கிறார்கள். அடுத்த முறை சென்ட்ரலில் இறங்கி அந்தக் கட்டடத்தைக் கடக்கும்போது, ஒரு நிமிஷம் இவரையும் நினைச்சுக்கோங்க.